சிங்கப்பூரில் எம்.சி. எடுத்தால் சம்பளம் உண்டா? உண்டு, ஆனால் இதையெல்லாம் செய்திருக்க வேண்டும்

சிங்கப்பூரில் சைட்டிலும் ஷிப்யார்டிலும் வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் "மருத்துவ விடுப்பு" என்று சொன்னால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள், "எம்.சி." என்று சொன்னால் உடனே புரிந்துவிடும். அந்த எம்.சி.யைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடம் பைப் வேலை, அப்புறம் சைட் ஆபீஸில் டைம்கார்டு பார்க்கும் வேலை. யாருக்கு எம்.சி. காசு வந்தது, யாருக்கு வெட்டினார்கள் என்பது என் கை வழியாகத்தான் போனது. வெட்டுப்பட்டவர்களில் பாதிப் பேருக்குச் சட்டம் சாதகமாகத்தான் இருந்தது. போன் பண்ணவில்லை, பேப்பர் வைத்திருக்கவில்லை, இல்லையென்றால் டாக்டரிடம் தவறாகச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் யாருக்கு இது பொருந்தும் என்பதைப் பார்த்துவிடலாம். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. வேலை அனுமதி ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், இ பாஸ் எதுவாக இருந்தாலும் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மேனேஜர்களும் இதற்குள் வந்துவிட்டார்கள். கப்பலோட்டிகள், அரசாங்க ஊழியர்கள், வீட்டு வேலை செய்பவர்கள் இந்தச் சட்டத்தில் இல்லை. வீட்டு வேலைக்கு வந்திருக்கும் அக்காமார்களுக்கு வேறு சட்டம், அங்கே வைத்தியச் செலவு முதலாளி பொறுப்பு. அது தனிக் கதை, இங்கே அதற்குள் போகவில்லை.

மூன்று மாதக் கணக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதம் முடியும்வரை சம்பளத்தோடு எம்.சி. கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் கொடுப்பதாக எழுதியிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் அந்த நாள் சம்பளமில்லாத விடுப்பு. மூன்று மாதம் முடிந்தால் சாதாரண எம்.சி. 5 நாள், ஆஸ்பத்திரி விடுப்பு 15 நாள். நான்கு மாதம் ஆனால் 8 நாளும் 30 நாளும். ஐந்து மாதத்தில் 11, 45. ஆறு மாதம் தாண்டிவிட்டால் வருடத்துக்கு 14 நாள் சாதாரண எம்.சி., 60 நாள் ஆஸ்பத்திரி விடுப்பு.

இங்கே ஒரு தப்பு எல்லோரும் செய்வார்கள். 14-ஐயும் 60-ஐயும் கூட்டி 74 நாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை, அந்த 60-க்குள்தான் 14 அடக்கம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று 14 நாளையும் முடித்துவிட்டு அப்புறம் குடல்வால் ஆபரேஷன் என்று படுத்தால் மிச்சம் 46 நாள்தான். அதுவும் முடிந்தால் சம்பளமில்லாத விடுப்பு. இந்த வருடம் எடுக்காத எம்.சி. நாளை அடுத்த வருடத்துக்குத் தள்ளவும் முடியாது, காசாகவும் வாங்க முடியாது. அதனால் "இன்னும் ஒன்பது நாள் வேஸ்ட்டாகப் போகிறதே" என்று டிசம்பரில் கவலைப்படுவதில் அர்த்தமில்லை, அது ஆண்டு விடுப்பு மாதிரி உங்களுக்குச் சேர்ந்த சொத்து கிடையாது.

ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் வார்டில் படுத்திருக்கும் நாள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். காலையில் போய் ஆபரேஷன் செய்துகொண்டு சாயங்காலம் டிஸ்சார்ஜ் ஆனாலும் அதில் சேரும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஓய்வு நாட்களும் சேரும். எம்.சி. பேப்பரில் எந்த வகை விடுப்பு என்று போட்டிருப்பார்கள், கையில் வாங்கியதும் அதைப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்து வந்தவனுக்கு ஆபீஸ் பெண் சாதாரண எம்.சி. கணக்கில் ஏற்றி, 14 நாளும் காலி என்று சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கம்ப்யூட்டரில் இருந்த முதல் பட்டனை அமுக்கிவிட்டார். பேப்பரைக் காட்டியதும் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

கம்பெனி மாறினால் மூன்று மாதக் கணக்கு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். சிங்கப்பூரில் எட்டு வருட அனுபவம் இருந்தாலும் புதுக் கம்பெனியில் நீங்கள் புது ஆள்தான்.

48 மணி நேரம்

சட்டத்தில் இருப்பது இதுதான்: உடம்பு முடியாமல் போனால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், குறைந்தபட்சம் தெரிவிக்க முயற்சி செய்திருக்க வேண்டும். செய்யவில்லையென்றால் எம்.சி. கையில் இருந்தாலும் அனுமதியில்லாமல் வராமல் போனதாகவே கணக்கு. அதற்கு மேல் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அனுமதியும் இல்லாமல், தகவலும் இல்லாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் போனால் ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தான். ஒரு புதன்கிழமை நல்ல காய்ச்சல், கிளினிக்குக்குப் போய் மூன்று நாள் எம்.சி. வாங்கிவிட்டான். வாங்கினவன் அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான். ஃபோர்மேனுக்குச் சொல்ல வேண்டியதை லாரியில் போகிற ஒருவனிடம் "அண்ணன்ட்ட சொல்லிரு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அந்த ஆள் அன்றைக்கு வேறு சைட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டான், யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை தம்பி பேப்பரோடு வந்து நின்றபோது மூன்று நாளுக்கும் டைம்கார்டில் ஆப்சென்ட் விழுந்திருந்தது. கம்பெனி அந்தக் காசைக் கொடுக்கவில்லை. எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது உண்மைதான், ஆனால் சட்டப்படி பார்த்தால் கம்பெனி பக்கம் பேச இடம் இருந்தது.

அதனால் வாய்வழியாக ஆள் விட்டுச் சொல்லாதீர்கள். கிளினிக் வாசலில் நிற்கும்போதே எம்.சி.யை போட்டோ எடுத்து, சூப்பர்வைசருக்கும் ஆபீஸ் நம்பருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கூடவே ஒரு வரி: பெயர், இத்தனை தேதி முதல் இத்தனை தேதி வரை எம்.சி. என்று. இங்கிலீஷ் தெரியவில்லையென்றால் தேதியை மட்டும் எழுதினாலும் போதும், போட்டோவே பேசும். நீல டிக் விழுகிறதோ இல்லையோ, நீங்கள் அனுப்பிய நேரம் போனில் பதிந்திருக்கும், அதுதான் உங்கள் சாட்சி. போனை மாற்றினால் அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். இப்போது பல இடங்களில் எம்.சி. பேப்பராக வருவதில்லை, எஸ்.எம்.எஸ்.ஸில் லிங்க் வரும். லிங்க்கை ஃபார்வர்ட் செய்வதோடு, திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

48 மணி நேரம் இருக்கிறதே என்று இரண்டாவது நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். காலையில் லாரி கிளம்புவதற்கு முன்னால் சொன்னால் ஃபோர்மேன் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். சொல்லாமல் விட்டால் அன்றைக்கு அவர் வேலை கெடும், அப்புறம் உங்கள் மேல் காட்டுவார். இது சட்டம் சொல்வதில்லை, பதினொரு வருடம் சைட்டில் இருந்தவன் சொல்வது.

எந்த டாக்டர் கொடுத்தால் செல்லும்

முன்பெல்லாம் கம்பெனி டாக்டர் அல்லது அரசாங்க டாக்டர் எழுதினால்தான் செல்லும். 2019 ஏப்ரலில் அது மாறிவிட்டது. இப்போது சிங்கப்பூரில் பதிவு பெற்ற எந்த டாக்டர் கொடுத்தாலும் எம்.சி. செல்லும், பல் டாக்டர் கொடுத்தாலும் செல்லும். "எங்கள் பேனல் கிளினிக் (கம்பெனி ஏற்பாடு செய்த கிளினிக்) எம்.சி.தான் ஏற்போம்" என்று இன்னமும் சில ஆபீஸ்களில் சொல்கிறார்கள், நோட்டீஸ் போர்டில்கூட ஒட்டியிருக்கிறார்கள். விடுப்பைப் பொறுத்தவரை அந்த நோட்டீஸ் செல்லாது.

ஆனால் டாக்டர் ஃபீஸ் வேறு விஷயம். அதைக் கம்பெனி திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால், நீங்கள் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும், பார்த்தது கம்பெனி சொன்ன டாக்டராகவோ அரசாங்க மருத்துவ நிலையத்து டாக்டராகவோ இருக்க வேண்டும், குறைந்தது ஒரு நாள் சம்பள விடுப்பாவது அதில் கிடைத்திருக்க வேண்டும். அப்போதும் சட்டம் சொல்வது டாக்டரைப் பார்த்ததற்கான ஃபீஸை மட்டும்தான். மருந்துக் காசு உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி. ஆக, தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) உங்களுக்குப் பழக்கமான தனியார் டாக்டரிடம் போனால் லீவு கிடைக்கும், ஃபீஸ் உங்கள் பாக்கெட்டில் இருந்துதான் போகும்.

நாட்டு மருந்துக்காரர், சீன வைத்தியர் கொடுக்கும் சீட்டைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஊருக்கு லீவில் போன இடத்தில் டைபாய்டு வந்து மன்னார்குடி டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி அனுப்புகிறீர்களா? அதற்கும் அப்படித்தான், கம்பெனி மனது வைத்தால் உண்டு. அப்படி மாட்டிக்கொண்டால் சட்டம் பேசாமல் பணிவாகக் கேட்பதுதான் வழி, டிக்கெட் தேதியை மாற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

டார்மிட்டரியில், அதாவது தொழிலாளர் விடுதியில் இருக்கும் ஆட்களுக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் வேலைகளில் இருப்பவர்களுக்கும் 2022-லிருந்து முதலாளியே பணம் கட்டும் ஒரு மருத்துவத் திட்டம் இருக்கிறது. டார்முக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மெடிக்கல் சென்டருக்குப் போனால் நீங்கள் கொடுப்பது சின்னத் தொகைதான். அங்கே கொடுப்பதும் முழு எம்.சி.தான், ஒன்றும் குறைந்ததில்லை.

எவ்வளவு காசு வரும்

மாதச் சம்பளக்காரர்களுக்குக் கணக்கு சுலபம், எம்.சி. நாளுக்காக எதையும் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் எவ்வளவு பிடித்தார்கள் என்று சரிபார்க்க ஒரு நாள் சம்பளம் தெரிய வேண்டும். மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52-ஐ வாரத்தில் எத்தனை நாள் வேலையோ அதனால் பெருக்கி வருவதை வைத்து வகுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்), வாரம் ஆறு நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10,800 வெள்ளி, 52-ஐ ஆறால் பெருக்கினால் 312. ஆக ஒரு நாளுக்கு 34 வெள்ளி 62 காசு. சிலர் 900-ஐ 30-ஆல் வகுத்து 30 வெள்ளி என்று கணக்குப் போட்டு ஏமாந்துவிடுகிறார்கள்.

எம்.சி. சம்பளத்தில் ஓவர்டைம் வராது. சாப்பாட்டு அலவன்ஸ், போக்குவரத்து அலவன்ஸ், வீட்டு அலவன்ஸ், ஷிப்ட் அலவன்ஸ், போனஸ் எதுவும் வராது. ஒப்பந்தத்தில் நிலையாகக் கொடுக்கும் வேறு அலவன்ஸ், உதாரணத்துக்குத் திறன் அலவன்ஸ் மாதிரி ஏதாவது இருந்தால் அது வரும். நம் ஆட்களுக்கு இங்கேதான் மனக்கசப்பு. மாதம் ஓ.டி. சேர்த்து 1,300, 1,400 எடுப்பவன் ஒரு வாரம் படுத்தால் அந்த வாரம் வெறும் அடிப்படைச் சம்பளம்தான். கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், சாதாரண நோய்க்குச் சட்டமே அப்படித்தான். வேலையில் அடிபட்டால் கணக்கு வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்றால் அது எம்.சி. கணக்கில் சேராது. வெள்ளி முதல் திங்கள் வரை எம்.சி. என்றால் வெள்ளி, சனி, திங்கள் மூன்று நாள்தான் உங்கள் 14-லிருந்து குறைய வேண்டும். நடுவில் தீபாவளி மாதிரி பொது விடுமுறை வந்தால் அந்த நாளும் எம்.சி.யில் குறையக் கூடாது, அது விடுமுறைச் சம்பளம். ஆண்டு விடுப்பில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் மட்டும் நம் பக்கம் பலமில்லை, அந்த நாளை எம்.சி.யாக மாற்றிக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அழகுக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷனுக்கும் சம்பளம் கிடையாது, யாரும் கேட்க மாட்டீர்கள், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சம்பளம் போடும்போது பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், ஓ.டி., பிடித்தம் எல்லாம் தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் போட்ட சீட்டைக் கொடுத்தால் கேளுங்கள். வாங்கியதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சண்டை வந்தால் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

வேலையில் அடிபட்டதைக் காய்ச்சல் ஆக்காதீர்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

நான் பைப் வேலையில் இருந்தபோது ஒருவனுக்கு ஃபிளாஞ்ச் (பைப்பை இணைக்கும் இரும்பு வளையம்) இறக்கும்போது வலது கை நடுவிரல் மாட்டிக்கொண்டது. கிளவுஸைக் கழற்றினால் நகம் பாதி தூக்கி நிற்கிறது, கிளவுஸுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது. சூப்பர்வைசர் அவனை வேனில் ஏற்றித் தன் கூடவே கிளினிக்குக்கு அழைத்துப் போனார். நானும் போனேன், ஏனென்றால் அவனுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. கவுன்டரில் இருந்த பெண் எப்படி அடிபட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் பதில் சொன்னார்: ரூமில், கதவு இடுக்கில். அவன் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையை ஆட்டினான். நானும் பேசவில்லை. அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு நாள் எம்.சி., அப்புறம் ஒரு வாரம் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து விரல் மடங்கவில்லை என்று போனபோது, கிளினிக் ரெக்கார்டில் கதவு என்றுதான் இருந்தது.

ஏன் அப்படிச் செய்கிறார்கள்? வேலையில் காயம் என்றால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸ் வரும், பாதுகாப்பு ரெக்கார்டு கெடும். அந்தக் காலத்தில் மூன்று நாளுக்கு மேல் எம்.சி. போனால்தான் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு எல்லை இருந்தது, அதனால் டாக்டரிடம் இரண்டு நாள் போதும், மிச்சம் லைட் டூட்டி (உடம்பை வருத்தாத லேசான வேலை) என்று பேரம் பேசுவார்கள். 2020 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அந்த எல்லை போய்விட்டது. வேலையில் அடிபட்டு ஒரே ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், ஏன், எம்.சி.யே இல்லாமல் லைட் டூட்டி மட்டும் எழுதினாலும், முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

காசு விஷயத்துக்கு வருவோம். வேலையில் அடிபட்டால் பொருந்தும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி எம்.சி. சம்பளம் உங்கள் சராசரி மாத வருமானத்தை வைத்துப் போடப்படுகிறது, அடிபடுவதற்கு முந்தைய 12 மாதத்தில் நீங்கள் எடுத்த ஓவர்டைமும் அதில் சேரும். அடிப்படை 900, ஓ.டி. சராசரி 450 என்றால் கணக்கு 1,350-லிருந்து ஆரம்பிக்கும். அதையே காய்ச்சல் எம்.சி. மாதிரி போட்டால் 900-தான். சாதாரண எம்.சி. என்றால் 14 நாள் வரை, ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாள் வரை அந்தச் சராசரியை முழுதாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மூன்றில் இரண்டு பங்கு, அடிபட்ட நாளிலிருந்து ஒரு வருடம் வரை. லைட் டூட்டி நாட்களுக்கும் இதே மாதிரி ஈடு உண்டு. வைத்தியச் செலவு முதலாளியுடையது: 2025 நவம்பர் முதல் தேதியோ அதற்குப் பிறகோ நடந்த விபத்து என்றால் 53,000 வெள்ளி வரை அல்லது ஒரு வருடம் வரை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. இங்கே மூன்று மாதக் காத்திருப்பும் கிடையாது. சிங்கப்பூரில் இறங்கி முதல் நாள் வேலையில் அடிபட்டாலும் இதெல்லாம் உண்டு. தவறு உங்களுடையதா, கம்பெனியுடையதா என்ற கேள்வியும் வராது, வேலையால் வந்த காயமாக இருந்தால் போதும்.

விரல் மடங்காமல் போவது மாதிரி நிரந்தரப் பாதிப்பு இருந்தால் அதற்குத் தனியாக ஒரு தொகை இருக்கிறது. கிளினிக் ரெக்கார்டில் கதவு என்று எழுதியிருந்தால் அதைப் பெறுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அடிபட்டவுடன் என்ன செய்வது? கையோ காலோ ஆடாமல் வலித்தாலும் பக்கத்தில் நிற்பவனிடம் போனைக் கொடுத்து அந்த இடத்தை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், மெஷின், தளம், ரத்தம், கிளவுஸ் எதுவாக இருந்தாலும். யார் யார் பார்த்தார்கள் என்ற பெயர்களைச் சாயங்காலத்துக்குள் எழுதி வையுங்கள், நம் ஆட்கள் சைட் மாறிக்கொண்டே இருப்பார்கள், மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். டாக்டர் அறைக்குள் சூப்பர்வைசர் கூட வந்தால் வெளியே இருக்கச் சொல்லலாம், அது உங்கள் உடம்பு, உங்கள் வைத்தியம். சொல்லத் தயக்கமாக இருந்தால் டாக்டரிடம் "ஒர்க் பிளேஸ்" என்ற இரண்டு சொல்லையாவது சொல்லுங்கள், காயத்தைக் காட்டி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசும் நர்சோ டாக்டரோ பெரும்பாலும் இருப்பார்கள், "தமிழ்" என்று கேட்டாலே யாரையாவது கூப்பிடுவார்கள். முதல் நாள் டாக்டர் எழுதுவதுதான் கடைசிவரை கூட வரும்.

கம்பெனி தெரிவிக்கவில்லை என்று தெரிந்தால் நீங்களே மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கலாம். இழப்பீடு கேட்க அடிபட்ட நாளிலிருந்து ஒரு வருடம்தான் அவகாசம். பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள் என்பதால் மட்டும் கிளைம் செத்துவிடாது. கேஸ் நடக்கும்போது இங்கே தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள், அந்தக் காலத்தில் சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி பொறுப்பு. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், டிக்கெட்டைக் கையில் கொடுத்து நாளைக்குக் கிளம்பு என்றவுடன் பயந்து ஏறிவிடுகிறவர்கள் நிறைய. ஊருக்குப் போன பிறகு இங்கே கேஸ் நடத்துவது லேசு கிடையாது.

வேலைக்குச் சம்பந்தமில்லாத நோய் பெரிதாக வந்து வார்டில் படுத்தால் அதற்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஆட்களுக்கு முதலாளி மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை முதல் அது வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி, அதற்கு முன் 15,000-தான் இருந்தது. உங்களுக்கு எடுத்திருக்கிறார்களா என்று ஆபீஸில் கேட்பதில் தப்பே இல்லை.

காசு தரவில்லை என்றால்

முதலில் ஆபீஸில் கேளுங்கள். நேரில் கேட்டுவிட்டு வந்து, அதையே ஒரு மெசேஜாகவும் அனுப்பிவிடுங்கள்: இந்தத் தேதி எம்.சி., இந்த மாதப் பேஸ்லிப்பில் இத்தனை வெள்ளி குறைகிறது என்று. நான் டைம்கார்டு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாதி விஷயம் இங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் பாதி விஷயம் தட்டச்சுத் தப்பு. இப்படி மெசேஜ் வந்தால் ஆபீஸில் இருப்பவர்களுக்கும் பயம் வரும், எழுத்தில் கேட்கிற ஆள் என்று.

அங்கே முடியவில்லையென்றால் டி.ஏ.டி.எம். என்று சொல்லும் முத்தரப்பு சமரச அமைப்புக்குப் போக வேண்டும். இன்னமும் அதே கம்பெனியில் இருந்தால் பிரச்சினை வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம். அங்கே இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். பேசித் தீரவில்லையென்றால் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே வக்கீல் வைக்க முடியாது, உங்களுக்கும் கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது. அதனால் வக்கீலுக்குக் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000 வரை. எம்.சி. காசு நூறு, இருநூறுதானே என்று நினைப்பவர்கள் அதோடு தராத ஓ.டி., தப்பான பிடித்தம் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கலாம்.

எம்.சி. எடுத்ததற்காகவே, அல்லது புகார் கொடுத்ததற்காகவே வேலையை விட்டுத் தூக்கினால் அது தவறான பணிநீக்கம் என்று தனியாக வழக்காடலாம். அதற்கு அவகாசம் கடைசி வேலை நாளிலிருந்து ஒரே ஒரு மாதம்தான். மற்றதற்கு ஆறு மாதம் என்று கேட்டுப் பழகியவர்கள் இதற்கும் அப்படித்தான் என்று நினைத்துத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தைக் கூப்பிடுங்கள், 6536 2692, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போகும்போது பெர்மிட் கார்டு, ஒப்பந்தம் அல்லது ஐ.பி.ஏ. லெட்டர் (பெர்மிட்டுக்கு முன்னால் வரும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம்), பேஸ்லிப், எம்.சி., வாட்ஸ்அப் சாட் எல்லாம் போனில் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். ஐ.பி.ஏ. லெட்டரில் உங்கள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தமிழிலேயே இருக்கும், ஏஜென்ட் கொடுக்கும்போது அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அது இப்போது கையில் இருக்கும். இல்லாதவர்கள் இன்றைக்கு ராத்திரியே ஏஜென்டிடமோ ஆபீஸிலோ ஒரு காப்பி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் வந்த பிறகு கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்கள்.